கொதித்த மாதிரி இருந்த தண்ணீர்

ஓடுகிற எதை வைத்தும் சோறு வடித்துவிடலாம் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். காற்றாடி சுற்றினால் போதும், பெல்ட் ஓடினால் போதும், அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். விறகும் வேண்டாம், கிரசினும் வேண்டாம். இதை நம்பியபோது எனக்கு வயது முப்பத்தைந்து. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். விவரம் தெரியாத வயசு என்று யாரும் எனக்குச் சலுகை தர வேண்டாம்.

மரக்காணத்தில் நான் வேலை பார்த்த உப்பளத்தில், கடைசியாக இருந்த டீசல் இன்ஜினையும் போன மாதம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது எல்லாம் சோலார் பம்பு. செய்தி சொல்ல வந்த ஃபிட்டர்கள், சங்க மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "இன்ஜின்ல கஞ்சி காச்சின கதைய எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் என்னுடைய பிரிவு உபசார விழாவிலும் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. எல்லா இடத்திலும் ஒரே இடத்தில் நிறுத்துவேன். ஜனங்கள் சிரிக்கிற இடம். அதற்கு மேல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கண் பார்வை பாதியாகி வேலையை விட்டு வந்த பிறகு, அந்த மிச்சம்தான் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கிறது.

படிப்பு, அப்ரண்டிஸ், மாமாவின் சிபாரிசு எல்லாம் மற்றவர்களுக்கு இருந்த மாதிரிதான் எனக்கும். மூன்று வருடம் கிரீஸ் துடைத்தேன். அப்புறம் பம்பு ஷெட் என் பொறுப்புக்கு வந்தது. உப்புத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைத்துப் பாத்திகளுக்கு ஏற்ற இரண்டு டீசல் இன்ஜின், ஒரு காற்றாடி பம்பு. அவ்வளவுதான் என் ராஜ்யம்.

உப்பளத்துக்காரனுக்கு ஒரு திமிர் உண்டு. பாத்தித் தண்ணீரின் கனம் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதை மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி என்று பார்த்துத்தான் அடுத்த பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். ஆனால் பத்து வருடம் பாத்தியில் நின்றவன் அதைத் தொடமாட்டான். வரப்பில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பான், விரலில் தொட்டு நாக்கில் வைப்பான், "நாளைக்கு உப்பு உக்காரும்" என்பான். உட்காரும். குழாயைக் கையில் எடுத்தால் அவனுக்கு மரியாதைக் குறைவு. நான் பாத்திக்காரன் இல்லை, பம்புக்காரன். இருந்தாலும் அந்தத் திமிர் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஃபோர்மேன் தணிகாசலம் அதற்கு நேர் எதிர். மெலிந்த மனிதர். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. தப்பு என்கிற வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. "திரும்பப் பாரு" என்பார், அவ்வளவுதான். நாம் முதலிலிருந்து கழற்றிப் பார்ப்போம். அவரிடம் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. அதைத் துணியில் சுற்றி, பழைய டார்ச் லைட்டின் கூட்டுக்குள் போட்டு வைத்திருப்பார். பார்க்க வேண்டுமென்றால் முதலில் வேட்டி முனையில் மூன்று தடவை துடைப்பார். தண்ணீருக்குள் விட்டு நூறு எண்ணுவார். குந்தி உட்கார்ந்து கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். பார்த்ததைச் சொல்லமாட்டார். "நீ பாரு" என்று நகர்ந்துகொள்வார். நாம் சொன்ன பிறகுதான் தன்னுடையதைச் சொல்வார். இரண்டும் ஒத்துவந்தால் நோட்டில் ஏறும். இல்லாவிட்டால் திரும்ப வேட்டி, திரும்ப நூறு.

இரண்டாயிரத்து நான்கு கோடையில் ஒரு மத்தியானம், இன்ஜினில் ஒரு பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க மறந்துவிட்டேன். கருகல் வாசனை வந்து ஓடிப்போய் மூடியில் கை வைத்தேன். உள்ளங்கை கொப்புளித்தது. மூளையும் சேர்ந்து கொப்புளித்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்ததாக நான் செய்தது, சாப்பாட்டுத் தூக்கிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்து அந்த மூடியின்மேல் வைத்தது. சொய்ங் என்றது. நெருப்பு இல்லை, புகை இல்லை, சும்மா சுற்றுகிற இரும்பு கருவாடு பொரிக்கிறது. நான் துண்டைத் திருப்பிப் போட்டேன்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் காசியம்மாள். உப்பு சுமக்கிற பெண்களுக்குத் தலைவி மாதிரி. ஐம்பது வயது இருக்கும். அவர் வாய்க்குக் கணக்குப்பிள்ளையே பயப்படுவார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் பேர் சொல்லியும் கூப்பிடுவார், பேர் வைத்தும் கூப்பிடுவார்.

"இன்னா ஏழுமல, உன் பொண்டாட்டி அடுப்பங்கரைய உட்டுத் தொரத்திட்டாளா?" என்றார்.

ஒரு மாதத்துக்குள் காற்றாடி பம்பின் தண்டில் ஒரு பல்சக்கரம் மாட்டி, பழைய கிரீஸ் டிரம்மைத் தேய்த்துக் கழுவி, அதற்குள் நாலு இறக்கை வைத்துச் சுற்றவிட்டேன். தண்ணீரைக் கலக்கக் கலக்கச் சூடாகும், சூடானால் கொதிக்கும், கொதித்தால் சோறு. ஃபோர்மேன் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. பத்து லிட்டர் அளந்து ஊற்றச் சொன்னார். அப்புறம் அதே மாதிரி இன்னொரு டிரம் கொண்டுவரச் சொல்லி, அதிலும் பத்து லிட்டர் ஊற்றிப் பக்கத்தில் சும்மா வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

கால் மணிக்கு ஒரு தடவை வேட்டி, நூறு, குந்தல், "நீ பாரு". காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் ஒன்று வரை. தொடங்கியபோது முப்பத்தொன்று. ஒரு மணிக்கு என் டிரம்மில் நாற்பத்தொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து டிகிரி! அவர் பக்கத்து டிரம்மைக் காட்டினார். யாரும் தொடாத அந்த டிரம்மில் முப்பத்தொன்பது.

அதாவது எட்டு டிகிரி வெயிலுடையது. இரண்டு டிகிரி என்னுடையது. நாலு மணி நேரம், ஒரு காற்றாடி, ஒரு ஃபிட்டர், இரண்டு டிகிரி.

நோட்டில் எழுதி முடித்துவிட்டு அவர் சொன்னார்: "சூடு வருது, பொய்யில்ல. வர்ற சூட்ட காத்தே தின்னுடுது. இன்ஜின்ல மாட்டினா இன்னும் வரும். ஆனா டீசல ஊத்தி இன்ஜின ஓட்டி, அதால தண்ணிய கலக்கி சுட வெக்கறதுக்கு, அந்த டீசலயே கொளுத்திடலாம்பா."

நடுவில் இருந்த ஒரே ஒரு வாக்கியம்தான் என் காதில் விழுந்தது. இன்ஜினில் மாட்டினால் இன்னும் வரும்.

அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நான் அன்று ஊரிலேயே இல்லை. அதற்கு அடுத்த வருட மழையில் இருந்தேன். ஐப்பசியில் ஆரம்பித்த மழை நிற்கவே இல்லை. பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஏரியாகிவிட்டது. தாழ்வில் இருந்த தொழிலாளர் குடிசைகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு மேட்டிலிருந்த உப்பு குடோனுக்கு வந்துவிட்டார்கள். இன்ஜின்களில் ஒன்றை அதற்கு முன்பே உருட்டிவந்து குடோன் தாழ்வாரத்தில் வைத்திருந்தோம். இரண்டு பேரல் டீசல் இருந்தது. விறகு ஊறிப்போயிருந்தது. ஒரே ஒரு பம்ப் ஸ்டவ்வும் நாலு லிட்டர் கிரசினும் இரண்டு நாள் தாங்கின.

குடோன் பக்கத்துத் தொட்டிதான் குடிதண்ணீர். அதிலும் வெள்ளம் கலந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை ஃபோர்மேன் டிராக்டரில் அரிசியும் கிரசினும் வாங்கிவரக் கிளம்பினார். போகும்போது டார்ச் கூட்டை என் கையில் கொடுத்தார்.

"தொட்டித் தண்ணிய பச்சையா யாரும் குடிக்கக் கூடாது. எப்படியாவது கொதிக்க வெச்சிக் குடு. நூறு காட்டணும். கண்ணால பாக்காத, இதால பாரு."

அவர் போன அரை மணி நேரத்தில் பாதை அறுத்துக்கொண்டது. அவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

என் பதற்றத்தைச் சொல்ல வேண்டும். வெளியே நான் தமாஷ் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது பேர், அதில் பதினொரு பிள்ளைகள், எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் எதைப் பார்க்கிறது? இன்ஜினைப் பார்த்தேன். கருவாடு ஞாபகம் வந்தது. இதற்காகத்தான் ஆண்டவன் என் உள்ளங்கையைச் சுட்டான் என்று தோன்றியது. பயந்துபோன மனிதனுக்கு எல்லாமே அர்த்தத்தோடு தெரியும்.

பழைய டிரம் குடோன் மூலையில் கிடந்தது. இறக்கை மாட்டி, பெல்ட் போட ஆரம்பித்தேன். காசியம்மாள் வந்து பார்த்தார்.

"ஏம்பா, ரெண்டு பேரல் டீசல் இருக்குது. ஒரு டின்னுல மண்ணப் போட்டு டீசல ஊத்திக் கொளுத்தினா எரியாதா?"

"யக்கா, இது சயின்ஸு. நீ போய் கோணிய மடி."

"உன் சயின்ஸுல கருவாடுதான்டா வெந்துது" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெல்ட் மாட்டுவதை நிறுத்தவில்லை.

ஈரத்தில் இன்ஜின் கிளம்பவில்லை. ஹேண்டிலை எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது. கை தோளிலிருந்து கழன்றுவிடும்போல் ஆன பிறகுதான் பிடித்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டேன். டிரம் தடதடவென்று ஆடியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பானது. அரை மணி நேரத்தில் சுட்டது. ஒரு மணி நேரத்தில் ஆவி பறந்தது; மேலே முழுக்கக் குமிழி, நுரை, தளதளவென்று ஒரு சத்தம். பிள்ளைகள் "கொதிக்குது, கொதிக்குது" என்று கத்தின. ஒருவர் விரல் விட்டுப் பார்த்து உதறினார். யாரோ என் முதுகில் தட்டினார்கள்.

தெர்மாமீட்டர் என் சட்டைப்பையில்தான் இருந்தது. இறக்கை சுற்றும்போது உள்ளே விட்டால் உடைந்துவிடும். நிறுத்திவிட்டுப் பார்க்கலாம், நிறுத்தினால் திரும்பக் கிளம்புமா என்கிற பயம். இது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. இத்தனை பேர் கொதிக்குது என்று சொன்ன பிறகு, குந்தி உட்கார்ந்து, நூறு எண்ணி, கண்ணாடிக் குச்சியைப் பார்ப்பது எனக்குக் கேவலமாக இருந்தது. வரப்பில் நின்று விரலை நாக்கில் வைக்கிறவன் மாதிரி நின்றேன். பார்த்தாலே தெரியுது, கொதிக்குது.

பெல்ட்டைத் தள்ளிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே தண்ணீரை அண்டாவில் சாய்த்தேன். பெல்ட் நழுவி இறக்கை நின்றதும் குமிழியும் நின்றது. அந்த நொடியிலேயே. அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீர் கொஞ்ச நேரம் முனகும். வீட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இது முனகவில்லை. குளம் மாதிரி அடங்கிவிட்டது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அண்டாவைத் தட்டுப் போட்டு மூடினேன். ஆறட்டும், அப்புறம் குடிக்கலாம் என்று சொன்னேன்.

அடுத்த ஈட்டுத் தண்ணீரில் நொய்யரிசியைப் போட்டேன். இதுதான் நான் எல்லா இடத்திலும் சொல்கிற கதை. ஒரு மணி நேரம் இன்ஜின் கதறியது. டிரம்மைத் திறந்தால் சுடச்சுட நொய் மிதக்கிறது. வாயில் போட்டால் நறுக் நறுக் என்கிறது. கிரீஸ் வாசனை வேறு. ஒரு பெரியவர் துப்பிவிட்டு, "இதுல பாதிய பேரிங்குக்கு வெச்சிக்கப்பா" என்றார். குடோனே இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். மூன்று நாளாக வாய்விட்டுச் சிரிக்காத ஜனங்கள். இந்த இடத்தில்தான் நான் எப்போதும் கதையை நிறுத்துவேன்.

அன்று கதை நிற்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் காசியம்மாள் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கேட்கவில்லை.

"ஏழுமல, நொய்யே வேகல. அப்ப அந்த அண்டாத் தண்ணி கொதிச்சுதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெரியலக்கா என்று சொல்லியிருக்கலாம். சட்டைப்பையில் கை விட்டிருக்கலாம். டீசல் பேரலும் மண்ணும் டின்னும் பத்தடி தூரத்தில் இருந்தன. அப்போதுவரை அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. இருபது வருடப் பழக்கம்.

"யக்கா, அது ரேஷன் அரிசி. அத சூரியனுக்குள்ள போட்டாலும் வேகாது. தண்ணி இன்னா பண்ணும், பாவம்."

திரும்பவும் சிரிப்பு. காசியம்மாளும் சிரித்துவிட்டார். "வாய்க்கு மட்டும் கிரீஸே வேணாம் உனக்கு" என்றார்.

நான் அண்டாவைத் திறந்தேன். பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கத்தானே வேண்டும்? எனக்குக் கை வரவில்லை. குடத்தின் அடியில் மிஞ்சியிருந்த பழைய தண்ணீரே பிள்ளைகளுக்குப் போதும் என்று ஏதோ காரணம் சொன்னேன். முதல் நாளே ஸ்டவ்வில் காய்ச்சியது அது. ஆக, பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கிறது. பெரியவர்களுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் நாலு பேருக்கு வயிறு போக ஆரம்பித்தது. சாயங்காலம் ஏழு பேர். என் பதற்றத்துக்கு அப்போதுதான் கைகால் முளைத்தது. முதலில், ஒன்றுமில்லை என்று எனக்கே நிரூபிக்க, அண்டாவில் மிச்சமிருந்ததில் மூன்று சொம்பு குடித்தேன். எனக்கு எப்போது வயிறு கலக்கும் என்று மூலையில் உட்கார்ந்து காத்திருந்தேன். விக்கல்தான் வந்தது. பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் அந்த டிரம்மை இறக்கையோடு உருட்டி வெள்ளத்தில் தள்ளினேன். அது மூழ்கவில்லை. கொஞ்ச தூரம் மிதந்து போய், காற்று திரும்பியதும் மெதுவாக ஆடி ஆடி என்னிடமே வந்து குடோன் படியில் இடித்தது. இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது தடவை தள்ள எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குள் பெண்கள் டின்னில் மண் போட்டு டீசல் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்கள். கரும்புகை, கண் எரிச்சல், ஆனால் தண்ணீர் கொதித்தது. எனக்குச் சொல்லக்கூட இல்லை. ஆறு பேர் அந்தத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் குடித்துத் தேறிக்கொண்டார்கள். காசியம்மாளுக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ராத்திரிக்குள் கண் உள்ளே போய்விட்டது. அவ்வளவு பேசுகிறவர் ராத்திரி முழுக்க ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து, "நீ சாப்ட்டியாபா?" என்றார். நான் தலையாட்டினேன். அதற்கும் ஒரு தமாஷ் என் வாயில் வந்து நின்றது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

விடிந்ததும் ஃபோர்மேன் படகோடு வந்தார். காசியம்மாளைக் கோணியில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிப்போனோம். நான் கால்பக்கம் பிடித்தேன்.

ஒரு வாரம் கழித்து, தண்ணீர் வடிந்த பிறகு, ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். படியோரம் கிடந்த டிரம்மைக் காட்டி, மாட்டு என்றார். அதே இன்ஜின், அதே பெல்ட், அதே தொட்டித் தண்ணீர், அதே இரண்டு குடம். ஒரு மணி நேரம் ஓட்டினோம். அதே ஆவி, அதே நுரை, அதே தளதள. அவர் கை காட்டியதும் நிறுத்தினேன். குமிழி அந்த நொடியிலேயே நின்றது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேட்டி முனையில் மூன்று தடவை துடைத்தார். நூறு எண்ணினார். குந்திப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"நீ பாரு."

பார்த்தேன். சொன்னேன். தனக்கும் அதேதான் என்றார். நோட்டையும் பேனாவையும் என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். நான் அழ ஆரம்பித்தேன். அந்தத் தண்ணீரால்தானா என்று கேட்டேன்.

"தெரியல. முந்தின நாளே பச்சத் தண்ணி குடிச்சிருக்கலாம். அத எப்படிப் பாக்கறது? பாக்க முடிஞ்சது இது ஒண்ணுதான். எழுது."

எழுதினேன். அந்த நோட்டும் இன்ஜினோடு பழைய பேப்பருக்குப் போயிருக்கும். அதனால் இங்கே திரும்ப எழுதுகிறேன். தண்ணீர் ஐம்பத்தெட்டு டிகிரி. கொதிக்கவில்லை. காசியம்மாள் அதில் இரண்டு டம்ளர் குடித்தார், நான் மொண்டு கொடுத்தேன். படகில் போய்ச் சேர்ந்த மறுநாள் இறந்துபோனார்.